பதினேழாவது கேள்வி

ஆரணியில் தறிச்சத்தம் கேட்கும் தெருக்களில் ஹேமலதாவைக் 'கணக்கு டீச்சர்' என்பார்கள். அவள் ஒரு நாளும் டீச்சராக இருந்ததில்லை. தபால் வழியில் கணிதத்தில் பி.எஸ்சி. முடித்தாள், முடித்த கையோடு வேணுகோபாலுக்குக் கழுத்தை நீட்டினாள், அன்றிலிருந்து அவன் தறிக்குத் தார்க்குச்சியில் நூல் சுற்றிக்கொண்டிருக்கிறாள். ஆனால் தெருவில் யாருக்கு என்ன விண்ணப்பம் எழுதவேண்டும் என்றாலும், ரேஷன் அட்டையோ பள்ளிக்கூடப் படிவமோ, அவள் வீட்டு வாசலில்தான் வந்து நிற்பார்கள். முத்து முத்தான கையெழுத்து. எழுதிக் கொடுத்ததை வாசித்துப் பார்க்கக்கூட மாட்டார்கள், அவ்வளவு நம்பிக்கை. அந்த நம்பிக்கையை அவள் என்ன செய்தாள் என்பதைத்தான் சொல்லப்போகிறேன்.

மூன்று வருஷத்துக்கு முன் அனுஷா அவளைத் தேடிக்கொண்டு வந்தாள். சேத்துப்பட்டுப் பக்கத்தில் நயினார் என்கிற தமிழ்ச் சமணர் வீட்டுப் பெண். ஆரணியில் ஒரு தனியார் கல்லூரியில் விரிவுரையாளர், கூடவே முனைவர் பட்டத்துக்கும் படித்துக்கொண்டிருந்தாள். குழித்தறியில் காலைத் தொங்கவிட்டு நாளெல்லாம் உட்கார்ந்து நெய்கிற பெண்களின் பேறுகால உடல்நலம்தான் அவள் ஆய்வு. இருநூற்றுப் பன்னிரண்டு பெண்கள், ஆளுக்கு நாற்பது கேள்விகள். தெரு ஆள் ஒருத்தி போய்க் கேட்டால்தான் வாயைத் திறப்பார்கள் என்று யாரோ யோசனை சொல்லியிருந்தார்கள். யோசனை என்னவோ சரியான யோசனைதான்.

ஹேமலதா வீடு வீடாகப் போனாள். வயது, எடை, இரும்புச்சத்து மாத்திரை, ஒரு நாளைக்கு எத்தனை மணி நேரம் தறியில், எல்லாவற்றையும் ஒழுங்காகத்தான் கேட்டாள். பதினேழாவது கேள்வியில் மட்டும் நாக்கு எழவில்லை. 'இதுவரை எத்தனை முறை கருவுற்றீர்கள்? அதில் எத்தனை தங்காமல் போயின?'

தறி வீட்டில் தனியாகப் பேச இடம் ஏது? பெண் குழியில் உட்கார்ந்திருப்பாள், புருஷன் பக்கத்துத் தறியில், மாமியார் எதிரே ராட்டையில். அந்தச் சபையில் போய், உன் வயிற்றில் எத்தனை நிற்காமல் போயிற்று என்று எப்படிக் கேட்பது? ஹேமலதாவுக்கே ஆறாம் மாதத்தில் ஒன்று போயிருந்தது. அதற்குப் பிறகுதான் மகன் பிறந்தான். அந்த ஆறு மாதத்தைப் பற்றி இன்றுவரை வீட்டில் ஒருவரும் வாயெடுத்ததில்லை, அவளும் பேசவிட்டதில்லை. யாராவது கேட்டுவிடுவார்களோ என்று பல வருஷம் கல்யாண வீடுகளுக்கே போகாமல் இருந்தவள் அவள். தனக்கு வேண்டாததை அடுத்தவளிடம் கேட்பானேன் என்று, இருக்கிற பிள்ளைகளை எண்ணி முதல் பாதியை நிரப்பிவிட்டு, தங்காமல் போனதற்குப் பூஜ்யம் போட்டாள். முதல் வீட்டில் போடுவதற்குள் பேனாவை இரண்டு தடவை மூடித் திறந்தாள். பத்தாவது வீட்டில் யோசிக்கவே இல்லை.

அதோடு நிறுத்தியிருந்தாலும் பரவாயில்லை. இருநூற்றுப் பன்னிரண்டும் பூஜ்யமாக இருந்தால் மாட்டிக்கொள்வோம் என்று, கணக்குப் படித்த மூளை வேலை செய்தது. கண்ணை மூடிக்கொண்டு ஒன்பது படிவங்களை எடுத்து அவற்றில் ஒன்று, ஒன்று என்று திருத்தினாள். அந்த ஒன்பது பேரில் தமிழ்ச்செல்வி என்று ஒருத்திக்கு மூன்று பிள்ளைகள், மூன்றும் சுகப்பிரசவம். அவளுக்கு ஒன்று போனதாக ஹேமலதாவின் முத்தான கையெழுத்து சொன்னது.

பூங்காவனம் விஷயம் இன்னும் மோசம். நாலு வீடு தள்ளி இருப்பவள், ஹேமலதாவோடு ஒன்றாகத் தண்ணீர் பிடிப்பவள். அவளுக்கு இரண்டு முறை தங்கவில்லை. இரண்டாவது தடவை பட்டப்பகலில் ஆட்டோவில் அவளை மடியில் கிடத்திக்கொண்டு ஆஸ்பத்திரிக்குப் போனதே ஹேமலதாதான். அப்படியிருந்தும் பூங்காவனம் வீட்டில் உட்கார்ந்து, அவள் மாமியார் கொடுத்த டீயைக் குடித்துக்கொண்டே, பதினாறிலிருந்து பதினெட்டுக்குத் தாவினாள். பூங்காவனம் ஒரு கணம் தறியை நிறுத்திவிட்டு அவளையே பார்த்தாள். மாமியார் எதிரில் கேட்டு மானத்தை வாங்காமல் விட்டதற்கு நன்றியாகப் பார்க்கிறாள் என்று ஹேமலதா எடுத்துக்கொண்டாள்.

ஆய்வேடு எழுதியாயிற்று. குழித்தறிப் பெண்களுக்குக் கருச்சிதைவு மிகக் குறைவு என்று ஓர் அத்தியாயமே வந்திருந்தது. போன மாதம் அனுஷா சந்தோஷமாக ஒரு சேதி சொன்னாள். கர்ப்பிணிகளுக்கு மாதாமாதம் ஸ்கேனும் டாக்டரும் ஏற்பாடு செய்ய ஓர் அறக்கட்டளை முன்வந்திருக்கிறது, ஆனால் ஏதாவது ஒரே இடத்தில்தான் நடத்தமுடியும். ஆரணிக்கு அவசியம் இல்லை என்று அவள் ஆய்வே காட்டிவிட்டதால் தெள்ளார் பக்கம் கொண்டுபோகப்போகிறார்கள். அவள் வாய்மொழித் தேர்வுக்கு அவர்களும் வருகிறார்கள், அன்றே முடிவு. பூங்காவனத்துக்கு அப்போது மூன்றாவது முறை, ஐந்தாம் மாதம் நடந்துகொண்டிருந்தது.

கல்லூரியில் ஒரே நாளில் மூன்று பேருக்கு வாய்மொழித் தேர்வு வைத்திருந்தார்கள், ஒரே பந்தலில் மூன்று கல்யாணம் மாதிரி. சம்பந்தமே இல்லாத மூன்று பாடங்கள். முதலில் அமர்நாத் என்கிற பையன் கரும்பலகை நிறைய நுண் இயற்கணிதம் எழுதினான். வளையங்கள் என்றான், எண்ணே இல்லாத கணக்கு என்றான். வேறு நாளாக இருந்திருந்தால், அனுஷா அழைத்து வந்திருந்த ஹேமலதா வாயைப் பிளந்துகொண்டு கேட்டிருப்பாள்; அவள் படிக்க ஆசைப்பட்டது அதைத்தான். ஒரு படியைத் தாண்டி அடுத்த படிக்கு அவன் போனதும் தேர்வாளர் உடனே நிறுத்தினார். "இது எப்படி வந்துச்சு? காட்டிட்டு அப்புறம் போ" என்றார். அவன் திரும்பி வந்து அந்த ஒரு வரியை எழுதிவிட்டுத்தான் நகர முடிந்தது. பின்வரிசையில் இருந்த ஹேமலதா புடவைத் தலைப்பை இழுத்துப் போர்த்திக்கொண்டாள்.

அடுத்தவன் அருணகிரி. சுரங்கத் தொழிலாளர்கள் உடம்பில் எவ்வளவு கதிர்வீச்சு ஏறுகிறது என்று அளந்தவன். சட்டையில் குத்திக்கொள்ளும் பேட்ஜ் ஒன்று உண்டு, அதுதான் அளக்கும். முதல் வருஷம் எல்லாருக்கும் அளவு குறைவாகவே வந்ததாம். இவனுக்கும் மகிழ்ச்சி. ஒரு நாள் தற்செயலாக ஷெட்டுக்குள் போனால் பேட்ஜுகள் வரிசையாக ஆணியில் தொங்குகின்றன. அளவு கூடினால் வேலையிலிருந்து நிறுத்திவிடுவார்கள் என்று பயந்து, தொழிலாளர்கள் அங்கே மாட்டிவிட்டுக் கீழே சுரங்கத்துக்குள் இறங்கியிருக்கிறார்கள்.

"பேட்ஜ் மேல இருந்துச்சு சார், ஆளு கீழ இருந்தாங்க" என்றான் அருணகிரி. "ஒரு வருஷ டேட்டாவைத் தூக்கிப் போட்டுட்டேன். திரும்ப எடுக்க ரெண்டு வருஷம் ஆச்சு. தூக்கிப் போட்டதையும் ஆய்வேட்டுல எழுதியிருக்கேன்."

அரங்கம் கைதட்டியது. ஹேமலதாவுக்குக் கைதட்ட வரவில்லை. அந்தத் தொழிலாளிகளாவது தங்கள் பேட்ஜைத்தான் மாட்டினார்கள். இவள் இருநூற்றுப் பன்னிரண்டு பேரின் பேட்ஜையும் அவர்களைக் கேட்காமலே கழற்றி ஆணியில் மாட்டியிருக்கிறாள். வெட்கம் காதுமடல்வரை சுட்டது. எழுந்து ஓடிவிடலாமா என்று பார்த்தாள்.

டீ இடைவேளையில் அனுஷா அவளைத் தனி அறைக்குக் கூட்டிப்போனாள். "ஹேமாக்கா, இந்தக் கொசுவத்துக்கு ஒரு பின் குத்துங்க. எனக்கு நிக்கவே மாட்டேங்குது" என்றாள். ஹேமலதா குனிந்து பின் குத்தினாள்.

"மேடம், ஒரு விஷயம்..."

"முடிச்சிட்டு வந்து பேசலாம்க்கா. நீங்க இல்லன்னா எனக்கு இந்த நாளே இல்ல."

அதைக் கேட்டபின் எந்த வாயால் சொல்வது? தன் இடத்துக்குத் திரும்பினாள். கோழை, சந்தேகமே இல்லை.

அனுஷா நன்றாகவே பேசினாள். பதினேழாவது கேள்வியின் முடிவு திரையில் வந்ததும் முன்வரிசையில் இருந்த அறக்கட்டளைக்காரர்கள் தலையாட்டிக் குறித்துக்கொண்டார்கள். கடைசியில் தேர்வாளர் வழக்கப்படி சபையைப் பார்த்துக் கேட்டார், "யாருக்காவது கேள்வி இருக்குதுங்களா?" இந்தக் கேள்விக்கு எந்தக் கல்லூரியிலும் யாரும் எழுந்திருப்பதில்லை. சாப்பாட்டு வாசனை வந்துவிட்ட நேரம் அது.

ஹேமலதா எழுந்தாள். அவளை எழுப்பியது தைரியம் என்று சொன்னால் அது பொய். இப்போது உட்கார்ந்திருந்தால் பூங்காவனத்தோடு இனி குழாயடியில் நிற்க முடியாது, அவ்வளவுதான்.

"கேள்வி இல்லைங்க. அந்தப் பதினேழாவது கேள்வியை நான் யாரையும் கேக்கவே இல்லைங்க. நானே பூஜ்யம் போட்டேன். சந்தேகம் வரக்கூடாதுன்னு ஒம்போது பேருக்கு மட்டும் ஒண்ணு போட்டேன். மேடத்துக்குத் தெரியாதுங்க." அத்தனை தலைகளும் திரும்பின. அனுஷா மட்டும் திரையையே பார்த்துக்கொண்டு நின்றாள், அந்த நிற்பை ஹேமலதாவால் தாங்க முடியவில்லை.

பட்டம் அன்று தள்ளிப்போனது. அந்தக் கேள்வியைத் திரும்பக் கேட்டு, அத்தியாயத்தை மாற்றி எழுதி வரவேண்டும். அறக்கட்டளைக்காரர்கள் முடிவை ஒத்திவைத்துவிட்டுச் சாப்பிடாமல் கிளம்பினார்கள். ஹேமலதா பஸ் ஏறக் கூசி, பைபாஸ் வழியாக வீடுவரை நடந்தாள்.

நான்காம் நாள் காலையில் அனுஷா வாசலில் வந்து நின்றாள், கையில் புதிய படிவக் கட்டு.

"உங்க மேல எனக்கு ஆத்திரம்தான்க்கா, இல்லன்னு சொல்லமாட்டேன்" என்றாள் அனுஷா. "ஆனா ஒம்போதுன்னு வந்தப்ப ரொம்பக் கம்மியா இருக்கேன்னு எனக்கும் தோணுச்சு. நல்ல ரிசல்ட்டாச்சேன்னு விட்டுட்டேன். ஒரு வீட்டுக்காவது நானே போய்ப் பாத்திருக்கணும். கிளம்புங்க, நீங்க கேளுங்க, நான் கூட இருக்கேன்."

முதலில் பூங்காவனம் வீட்டுக்கே போவோம் என்று ஹேமலதாதான் சொன்னாள். எதில் தொடங்கினாலும் அந்த வீட்டை ஒரு நாள் தாண்டியாகவேண்டும். வயிறு மேடிட்டிருந்ததால் பூங்காவனம் தறிக்குழியில் இறங்காமல் பாயில் உட்கார்ந்து பட்டு நூல் சிக்கெடுத்துக்கொண்டிருந்தாள். மாமியார் அதே ராட்டையில். ஹேமலதா எதிரில் உட்கார்ந்து, படிவத்தைப் பார்த்தபடியே, எழுதியிருந்ததை அப்படியே வாசித்தாள். எத்தனை முறை கருவுற்றீர்கள்? அதில் எத்தனை தங்காமல் போயின?

பதில் மாமியாரிடமிருந்துதான் முதலில் வந்தது. ராட்டையை நிறுத்தக்கூட இல்லை.

"ரெண்டும்மா. ஒண்ணு ஆடி மாசம், நாலு மாசத்துல. இன்னொண்ணு பொங்கலுக்கு ரெண்டு நாள் இருக்கறப்ப, அது ஆம்பளப் புள்ள. இத அன்னிக்கே ஏன் கேக்கல? இங்கயேதான உக்காந்துகினு இருந்தேன்?"

"உங்க எதுர்ல எப்பிடி கேக்கறதுன்னு... பூங்காவனத்துக்கு வெக்கமா இருக்கும்னு நெனச்சேன் பெரியம்மா."

பூங்காவனம் நூலைக் கீழே வைத்தாள்.

"எனக்கு இன்னாத்துக்குடி வெக்கம்? நீ கேப்ப, சொல்லி அழுவலாம்னு பாத்துகினே இருந்தேன். நீ அடுத்த கேள்விக்குப் பூட்ட. வெக்கம் உனுக்கு."

ஹேமலதா கட்டத்தில் இரண்டு என்று எழுதினாள். எழுதிய பிறகும் படிவத்திலிருந்து கண்ணை எடுக்க அவளால் முடியவில்லை.