போல்வியோ

அத்தாவின் தம்பியை நாங்கள் சாச்சா என்போம், அவர் மனைவியைச் சாச்சி. விருத்தாசலத்தில் பீங்கான் சூளையில் வேலை பார்த்தவர். தெருவே துபாய்க்குப் போனபோது இவர் மட்டும் ஸ்பெயினில் ஓடு சுடும் ஃபேக்டரிக்குப் போனார். ஏழாம் மாதம் அவர் போன் அணைந்தது. அங்கே அவருக்கு அறை கொடுத்திருந்த கிழவரின் நம்பர் மட்டும் சாச்சியிடம் இருந்தது. கிழவருக்கோ ஸ்பானிஷ் தவிர வேறெதுவும் தெரியாது.

சாச்சி போனில் ஓர் ஆப் இறக்கி ஸ்பானிஷ் படிக்கத் தொடங்கினார். கூடப் படிக்க ஒன்பது வயது மேதாவியான நான். இறந்தகாலம் மட்டும் போதுமாம்.

"நடந்ததத்தான கேக்கப் போறோம். ஆனா அந்தப் பேரச் சொல்லாத. போன காலம்னு சொல்லு."

ஆர் என்று முடியும் வினைக்கு நான் என்றால் ஏ, நீ என்றால் ஆஸ்தே, அவர் என்றால் ஓ. ஏர், ஈர் என்று முடிந்தால் ஈ, ஈஸ்தே, இயோ. மதியங்களில் சாச்சி அடுப்படிச் சுவரைப் பார்த்து, "ட்ரபஹாஸ்தே? கொமீஸ்தே?" என்பார். வேலை செய்தாயா, சாப்பிட்டாயா. பதில் வரும் அளவுக்கு நேரம் விட்டு, தலையாட்டிவிட்டு அடுத்த வினைக்குப் போவார். அவர் கேட்டது என்னிடம் இல்லை.

ஒரு வெள்ளிக்கிழமை கிழவர் போனை எடுத்தார். ஸ்பீக்கரில் போட்டு, எழுதிவைத்திருந்ததைப் பார்த்து சாச்சி கேட்டார். கிழவர் நிறுத்தி நிறுத்திச் சொன்னார்.

"ட்ரபஹோ. செனோ. சாலியோ. நோ போல்வியோ."

எல்லாம் எனக்குத் தெரிந்த வினைகள். சந்தோஷம் தாங்கவில்லை.

"வேல செஞ்சாங்களாம், ராத்திரி சாப்டாங்களாம், வெளிய போனாங்களாம், திரும்பி வந்தாங்களாம் சாச்சி."

நம் பேச்சில் 'இல்லை' வினைக்குப் பின்னால்தான் வரும். முன்னால் வந்த அந்த 'நோ'வைக் கிழவர் தொண்டையைச் செருமிய சத்தம் என்று நினைத்துவிட்டேன்.

சாச்சி என்னையே பார்த்தார். "இன்னொரு தடவ சொல்லு."

"சாச்சா திரும்பி வந்துட்டாங்க."

அவர் போனை அணைத்தார். கறி வாங்கிவரச் சொல்லி ஆணம் காய்ச்சினார். தெரு முழுக்க என் மொழிபெயர்ப்பையே சொன்னார். நானும் பெருமையாக இரண்டு தட்டு சோறு தின்றேன்.

சாச்சா வரவேயில்லை. வந்துவிட்ட மனுஷரிடம் போனைக் கொடுங்கள் என்று, அந்த மொழியில் வராவிட்டாலும் அவர் பெயரையாவது சொல்லி, சாச்சி ஏன் கேட்கவில்லை என்று அன்று எனக்குத் தோன்றவில்லை.