பைக்கு அளவெடுத்த தொலைநோக்கி

தாராவியில் என் மாமாவின் பட்டறையில் எந்தப் பொருளுக்கும் பை தைத்துத் தருவார்கள். அப்படித்தான் ஒரு நாள் தொலைநோக்கி ஒன்று வந்து சேர்ந்தது. கொண்டுவந்தவர் மாட்டுங்காவில் இருக்கும் ஒரு கல்லூரி அக்கா. இருட்டியதும் வந்து வாங்கிக்கொள்வதாகச் சொல்லிவிட்டுப் போனார். சாயங்காலமே பை தயாராகிவிட்டது. ஆனாலும் மாமா, "அளவு சரியா இருக்கான்னு மாடில வச்சு ஒருக்கா பாத்துருவோம்" என்றார். பையின் அளவை மாடியில் ஏன் பார்க்க வேண்டும் என்று யாரும் கேட்கவில்லை.

எனக்கு ஒன்பது வயது. அந்தக் குளிர்காலத்தில் டிவியிலும் போனிலும் ஒரே பேச்சு: வானத்தில் ஒரு சிவப்பு ராட்சத நட்சத்திரம் மங்கிக்கொண்டே வருகிறது, எந்த நேரமும் வெடிக்கலாம். பெயர் பெடல்ஜூஸ். திருவாதிரை என்று அதற்கு நல்ல தமிழ்ப் பெயர் இருப்பது எங்கள் இங்கிலீஷ் மீடியத்துக்குத் தெரியாது. வெடிப்பதற்குள் பார்த்துவிட வேண்டும் என்ற பரபரப்பில் எனக்குச் சோறு இறங்கவில்லை.

எங்கள் வீட்டு ஆண்களுக்கு வானம் என்றால் பெருநாள் பிறைதான். வருஷா வருஷம் அதே மாடியில் மேற்கே பார்த்து நின்று பழகியவர்கள். மாமா "தெரியுது" என்று குரல் கொடுத்ததும் கீழே அடுப்படியிலிருந்து உம்மா "அல்ஹம்துலில்லாஹ்" என்பாள். அன்றும் மாமா யோசிக்காமல் தொலைநோக்கிக் குழாயை மேற்கே திருப்பி வைத்தார். திருகினார், தள்ளினார், மூச்சைப் பிடித்துக்கொண்டார்.

"சுபஹானல்லாஹ். சேப்பா நிக்கி பாருங்க."

வாப்பா பார்த்தார். பட்டறைத் தையற்காரர்கள் இருவரும் பார்த்தார்கள். எல்லோரும் தலையை ஆட்டினார்கள். என் முறை வந்தபோது எனக்குக் கால் தரையில் நிற்கவில்லை. சிவப்பாகத்தான் இருந்தது. ஆனால் பக்கத்தில் இன்னொன்றும் இருந்தது.

"மாமா, தலைகீழா ஒரு ஏணி தெரியுது."

"வானத்துல எல்லாம் இருக்கும்ட்டி" என்றார் மாமா.

பின்னால் யாரோ சிரிக்கும் சத்தம். தொலைநோக்கிக்கார அக்கா மாடியேறி வந்து நின்றுகொண்டிருந்தார். மாமாவின் முகம் போன போக்கைப் பார்க்க வேண்டுமே. அக்கா கோபிக்கவில்லை. குனிந்து பார்த்துவிட்டு, "இது மாஹிம் பக்கம் டவர்ல எரியற லைட்டாச்சே. இதுல எல்லாம் தலைகீழாத்தான் தெரியும். ஏன் மேற்கே வெச்சிருக்கேள்?" என்றார்.

"பிறை அங்கதானம்மா வரும்" என்றார் மாமா, பரிதாபமாக.

அக்கா குழாயைக் கிழக்கே திருப்பி என்னைக் கூப்பிட்டார். நான் கண்ணை வைத்தேன். கறுப்பின் நடுவே ஆரஞ்சுக் கங்கு ஒன்று துடித்துக்கொண்டிருந்தது. பெரிதாகக்கூட இல்லை, ஒரு புள்ளிதான். ஆனால் அது இன்னும் இருந்தது! சந்தோஷத்தில் என்ன கத்தினேன் என்று நினைவில்லை. பக்கத்து மாடியிலிருந்தெல்லாம் எட்டிப் பார்த்தார்கள். அது அனுப்பிய வெளிச்சம் எங்கள் மாடிக்கு வந்துசேரவே பல நூறு வருஷம் ஆகும் என்று அக்கா சொன்னார். அதெல்லாம் என் காதில் ஏறவில்லை.

விருந்தாளி வந்திருக்கிறாரே என்று உம்மா சாயா கொண்டுவந்தாள். கொடுத்துவிட்டுத் திரும்பியவளை அக்கா நிறுத்தினார். "நீங்க பாக்கலையா மாமி?"

உம்மா மாமாவைப் பார்த்தாள். வாப்பாவைப் பார்த்தாள். "எனக்கென்ன, இவுக பாத்தா போதாதா" என்றாள். அக்கா விடவில்லை. உம்மா முந்தானையில் கையைத் துடைத்துக்கொண்டு குனிந்தாள்.

குனிந்தவள் நிமிரவே இல்லை. சாயா ஆறியது. தையற்காரர்கள் கீழே இறங்கிவிட்டார்கள். அக்கா பையைத் திறந்து வைத்துக்கொண்டு காத்திருந்தார். எனக்கோ இன்னொரு தடவை பார்த்தாக வேண்டும். உம்மா பார்க்கும் நேரத்தில் வெடித்துத் தொலைத்தால் என்ன செய்வது? "போதும்மா, தள்ளு" என்று இடுப்பைப் பிடித்து இழுத்தேன்.

உம்மா நிமிர்ந்தாள். "வெடிச்சிருச்சா?" என்று கேட்டேன்.

"இல்லட்டி, அப்படியேதான் இருக்கு" என்று கண்ணைத் துடைத்துக்கொண்டாள். குழாய் கண்ணில் இடித்துவிட்டது போலும் என்று நினைத்தபடி, பாய்ந்து போய் அந்த இடத்தில் என் கண்ணை வைத்தேன்.