பனிப்பெட்டி நின்ற நேரம்

பொன்மணிக்கு மதியம் என்றாலே ஆகாது. தாயில்பட்டி வெயிலில் வெடிமருந்து சூடேறும் நேரம் அது. அவள் கணவன் செல்லப்பாண்டி ஊருக்குக் கிழக்கே ஒரு பட்டாசு ஆபீசில் மருந்து செலுத்துகிறான். சாயங்காலம் அவன் வாசலில் கைகால் கழுவும் சத்தம் கேட்கும்வரை அவளுக்குச் சோறு இறங்காது.

அவளும் அங்கே வேலை பார்த்தவள்தான். திரி வைத்துப் பழகிய கை. பயம் முற்றி வெளியே வந்தவள், கேபிள் டிவிக்கு வயர் இழுத்தாள். பிறகு ஊருக்கே இண்டர்நெட் கொடுத்தாள். யாரிடமும் படிக்கவில்லை. ஒரு லைன் கெட்டால், எது கெட்டது என்று தெரியும்வரை கழற்றிக் கழற்றி மாட்டுவாள்.

போன வருடம் ஒரு கேம் கம்பெனி அவள் கடையில் பெட்டி ஒன்றை வைத்தது. ஆட்டத்தின் கணக்கெல்லாம் தூரத்து ஊருக்குப் போய்த் திரும்புவதால்தான் சுட்ட குண்டு தாமதமாகப் பாய்கிறது; இங்கேயே நடந்தால் தாமதம் இராது என்றார் வந்தவர். மேகம்போல உயரத்தில் நிற்காமல் பனிமூட்டம்போலத் தரையோரம் நிற்பதால் இதற்கு ‘ஃபாக்’ என்று பெயராம். ஊர் அதைப் பனிப்பெட்டி ஆக்கிவிட்டது. லோடு ஏற்றும் பாண்டிமுருகனும் அதில் ஆடுகிறவன்; கடையைத் தாண்டும்போதெல்லாம், “மதினி, பெட்டியில சர்பத்து இருக்கா?” என்பான்.

ஆடுகிறவர்கள் ஒவ்வொருவரும் அவள் திரையில் ஒரு பச்சைப் புள்ளி. ஆட்டம் திணறினால் புள்ளி சிவக்கும். அவர்கள் குறை சொல்வதற்குள் ஏணியோடு போய் நிற்பாள்.

அந்தப் பெட்டியை நம்பி வீட்டுக்குள் ஒரு ஏற்பாடும் இருந்தது. ஆபீசுக்குள் போன் கொண்டுபோகக் கூடாது. வெடித்த நாளில் ஊரே போன் போடுவதால் டவர் முடங்கிவிடும். ஆனால் ஆட்டத்தில் ஒருவரோடு ஒருவர் பேசும் வசதி, டவரைத் தொடாமல் அவள் வயர்வழியே, பெட்டிக்குள்ளேயே ஓடுவது. ஏதாவது நடந்தால் ஆடுகிற ஒருத்தன் போனை வாங்கி அதில் பேசு என்று செல்லப்பாண்டியிடம் சொல்லி வைத்திருந்தாள்.

அன்று சத்தம் முதலில் காலுக்குள்தான் வந்தது. பிறகு கதவு அதிர்ந்தது. அவள் யோசிக்குமுன் கை எழுந்து மெயின் சுவிட்சை இறக்கிவிட்டது. ஆபீசில் எந்தச் சத்தம் கேட்டாலும் முதலில் கரண்டை நிறுத்து என்று பழக்கிய கை அது. பேட்டரி சுவிட்சையும் அதுவே அணைத்தது.

கிழக்கே புகை எழுந்தது. தெருவில் எல்லாரும் ஓடினார்கள். அவளும் படி இறங்கினாள். அதற்குமேல் கால் வரவில்லை. போன தடவை வெடித்தபோது ஓடிப்போய்ப் பார்த்ததை அவள் கண் இன்னும் மறக்கவில்லை. ஆபீசுக்குப் போன் போட்டாள். மணியே போகவில்லை.

அப்போதுதான் திரும்பிப் பார்த்தாள். பெட்டியில் ஒரு விளக்கும் இல்லை. அவன் பேசக்கூடிய ஒரே வழியைத் தன் கையாலேயே மூடியிருந்தாள்.

மெயினை ஏற்றினாள். பெட்டி உடனே எழுகிற சாதி இல்லை. ஒரு விளக்கு எரியும், அணையும், காத்திருக்கும், அடுத்தது எரியும். குண்டு கொஞ்சம் பிந்தினால் சண்டைக்கு வருகிறவர்களிடம் எத்தனை தடவை பொறுமை சொல்லியிருப்பாள். இப்போது அந்தப் பெட்டியின் தலையைப் பிடித்துக்கொண்டு நின்றாள். அவன் பேசிப் பார்த்து ஓய்ந்திருப்பானோ, பேச ஆளே இல்லையோ. இரண்டுக்கும் திரை ஒன்றுபோலத்தான் கறுப்பாக இருக்கும்.

திரை வந்தது. புள்ளி எதுவும் இல்லை. பிறகு ஒன்று, பாண்டிமுருகனுடையது, பச்சையானது. ஹெட்போனை எடுத்து மாட்டினாள்.

“ஏ பொன்மணி.” செல்லப்பாண்டியின் குரல். “எம்புட்டு நேரமா கத்துறேன். பெட்டி என்ன செத்துப்போச்சா?”

“மெயினை இறக்கிட்டேங்க.”

காரணம் அவனுக்குத் தெரியும். அவன் கையும் அதே பழக்கத்தில் வளர்ந்ததுதான்.

“சரி. நான் பாண்டிமுருகன் வீட்டு வாசல்ல இருக்கேன். எனக்கு ஒண்ணுமில்ல. நம்ம ஆபீஸ் இல்ல, வேப்பமரத்து ஆபீஸ். பெரிய ஷெட்டு இருந்த இடமே தெரியல.”

அவள் உட்கார்ந்துவிட்டாள். அழுகை வந்தது. வாயைப் பொத்திக்கொண்டாள்.

திரையில் இன்னொரு புள்ளி பச்சையானது. பானுப்பிரியா. கல்லூரி லீவில் வந்த பெண். ஹெட்போனால் காதை மூடிக்கொண்டு ஆடுகிறவள். வீடோ ஊரின் மேற்குக் கோடி. அவள் அம்மா வேப்பமரத்து ஆபீசில் அந்தப் பெரிய ஷெட்டில்தான் வேலை பார்க்கிறாள்.

“அக்கா, எதுக்கு கட் ஆச்சு? ஜெயிக்கிற நேரம்கா. எல்லாரும் எங்க போயிட்டாக? இங்கன ஏதோ அதிர்ந்துச்சு, லாரின்னு நெனச்சேன்.”

செல்லப்பாண்டியும் அதைக் கேட்டுக்கொண்டிருந்தான்.

பொன்மணி வண்டிச் சாவியை எடுத்தாள். வராத கால் இப்போது வந்தது.

“பானு, ஹெட்போனைக் கழட்டிட்டு வாசலுக்கு வா. ரோட்டுக்குப் போகாத. நான் வண்டியில வாரேன்.”

“லைனைப் பாக்கவா?”

“வாசல்லயே நில்லு தாயி,” என்றாள் பொன்மணி. இந்தத் தடவை அவள் எந்த சுவிட்சையும் தொடவில்லை. பெட்டி ஓடிக்கொண்டிருந்தது.