கரடி நடத்திய செஸ் வகுப்பு

என் அக்கா புருஷனுக்குத் தெரு வைத்த பெயர் கிராண்ட்மாஸ்டர். நக்கலுக்குத்தான் வைத்தார்கள். மனிதர் அதைப் பட்டமாக எடுத்துக்கொண்டு வாசலில் போர்டே மாட்டிவிட்டார்.

அதற்கு முன் செல்போன் ரிப்பேர் கடை வைத்திருந்தார். அரை உயிரோடு வந்த போன்களை முழுசாகப் பரலோகம் அனுப்பிவைத்த கடை அது. மூடியபின் மிஞ்சிய டேப்லெட்டுகளில், குழந்தைகளுக்குச் செஸ் சொல்லித்தரும் மென்பொருள் ஒன்றை ஏற்றினார். அக்காவின் தையல் மெஷின் மாடிப்படிக்கு அடியில் போனது. அவள் தைத்துக்கொண்டிருந்த அறை செஸ் அகாடமி ஆனது.

பாடம் நடத்தியது திரையில் வரும் ஒரு மஞ்சள் கரடி. காயைத் தொட்டால் அது போகக்கூடிய கட்டங்கள் பச்சையாக ஒளிரும். வெட்டினால் எதிராளியின் காய் தானாக மறையும். ராஜாவுக்கு ஆபத்து என்றால் கரடி கத்தும். பிள்ளை தோற்றால், ‘பரவாயில்லை செல்லம், இன்னொரு ஆட்டம்!’ என்று குதிக்கும். மாஸ்டருக்கு இருந்த வேலை, சார்ஜ் போடுவதும், யாராவது அழுதால் கரடியின் சத்தத்தைக் கூட்டி வைப்பதும், சத்தம் போடாதே என்று சத்தம் போடுவதும்தான்.

“மாமா, பசங்களுக்கு ஒரு நிஜ போர்டையாவது கண்ணுல காட்டுங்களேன்,” என்றேன் ஒருநாள்.

“உனக்கு டெக்னாலஜி புரியாது, மாப்ள.”

ராணியை எந்தக் கட்டத்தில் வைக்க வேண்டும் என்று கேட்டால், ‘அது ஆட்டோமேட்டிக்கா வந்து நிக்கும்’ என்று சொன்ன ஆள் இவர்.

இந்த லட்சணத்தில் பக்கத்துப் பள்ளிக்கூடத் தலைமையாசிரியை, சின்ன வகுப்புப் பிள்ளைகளை ஒரு போட்டிக்குத் தயார் செய்யும் பொறுப்பை இவரிடம் கொடுத்தார். பிள்ளைகள் நன்றாக ஆடினால் இவருக்குப் பள்ளியிலேயே வேலை, பள்ளியிலேயே வகுப்பு. போட்டியன்று அக்கா அவர் சட்டையை மடிப்புக் கலையாமல் இஸ்திரி போட்டுக் கொடுத்தாள். வேலை கிடைத்தால் தையல் மெஷின் பழைய அறைக்குத் திரும்பிவிடும் என்று அவள் கணக்குப் போட்டிருந்தாள்.

போட்டி நடந்த ஹாலில் வரிசையாக மரப்பலகைகள். முதல் மேசையில் எங்கள் அகாடமிச் சிறுமி, முன்பல் விழுந்தவள். சிப்பாயைத் தொட்டுவிட்டுப் பச்சை வெளிச்சத்துக்காகக் காத்திருந்தாள். எதுவும் ஒளிரவில்லை. எப்படியோ நகர்த்தினாள். பிறகு எதிராளியின் சிப்பாயை வெட்டினாள். வெட்டியது என்றால், அதே கட்டத்தில் தன் காயையும் நெருக்கி வைத்துவிட்டு, மற்றது மறையட்டும் என்று கையைக் கட்டிக்கொண்டாள்.

“இது ஏன் போக மாட்டேங்குது?”

பக்கத்து மேசையில் எங்கள் அகாடமிப் பையன் ஒருவன் பலகையை விரலால் தேய்த்துக்கொண்டிருந்தான். நடுவர் தலையில் கைவைத்துக்கொண்டார்.

சிறுமி தோற்றாள். யாரும் குதிக்கவில்லை. குனிந்து மேசைக்கு அடியில் பார்த்தாள். “கரடி எங்க?” என்று உதடு பிதுங்கியது, அழுகை வெடித்தது. மாஸ்டர் ஓடிப்போய் மண்டியிட்டு, இஸ்திரி போட்ட சட்டை நுனியால் அவள் மூக்கைத் துடைத்தார். சொல்ல வேறெதுவும் தெரியாமல், கரடிக் குரலிலேயே, “பரவாயில்லை செல்லம், இன்னொரு ஆட்டம்,” என்றார். ஹால் முழுக்கச் சிரித்தது. அவள் மட்டும் அழுகையை நிறுத்திவிட்டு அவர் தோளைப் பிடித்துக்கொண்டாள்.

வெளியே வந்ததும் தலைமையாசிரியை சொன்னார்: “கரடி நல்லாத்தான் சொல்லிக்குடுக்குது சார். இந்தப் பலகைதான் பழசு. அந்தக் கரடிய நாங்களே ஸ்கூல்ல போட்டுக்கறோம். சார்ஜ் போட வாட்ச்மேன் இருக்கார். நீங்க சிரமப்பட வேணாம்.”

மாஸ்டர் முகம் செத்துவிட்டது. “மேடம், பிள்ள அழுதா கரடிக்குத் தெரியாதே,” என்றார்.

அந்த வாயிலிருந்து வந்த உருப்படியான வார்த்தை அது ஒன்றுதான். எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. இது தெரிந்த மனுஷன் இத்தனை நாள் என்ன செய்துகொண்டிருந்தார்?

“அழுதா கரடி சத்தத்தக் கூட்டி வைக்கச் சொல்லி வாட்ச்மேன்கிட்ட சொல்றேன்,” என்று தலைமையாசிரியை காரில் ஏறினார்.

இத்தனை நாள் மாஸ்டரும் அதைத்தான் செய்திருந்தார்.