எக்ஸ்ரே அறைக் கதவும் மூன்று கை ரோபோவும்

அந்த ஆஸ்பத்திரியில் நான்கு லிஃப்ட்டுகள். நான்கையும் இருபத்திரண்டு வருடமாக ஓட வைப்பவரை எல்லோரும் லிஃப்ட்காரர் என்றே அழைக்கிறார்கள். லிஃப்ட் ஓடும்போது அவரை யாரும் நினைப்பதில்லை. நின்றால் எல்லோரும் நினைப்பார்கள், அதுவும் உரக்க. தான் ஒழுங்காகச் செய்த ஒரு வேலையை ஒருவராவது நின்று பார்க்க வேண்டும் என்று அவருக்கு ஆசை. வெளியில் சொன்னதில்லை.

மகள் கல்லூரி விடுதிக்குப் போகும்போது விட்டுப்போன டேப்லெட்டில் இரண்டு வருடமாகப் படம் வரைகிறார். மோட்டார், கப்பி, மனைவியின் தையல் மெஷின். மனிதர்களை வரைவதில்லை. உள்ளே எது எதோடு இணைந்திருக்கிறது என்று தெரியாத எதையும் அவருக்கு வரைய வராது.

குழந்தைகள் பிரிவின் எக்ஸ்ரே அறைக் கதவுக்கு ஒரு படம் வேண்டும் என்று அறிவிப்புப் பலகையில் தாள் ஒட்டினார்கள். ஊழியர் யாரும் தரலாம். அரைகுறையாக இருந்தாலும் ஞாயிற்றுக்கிழமைக்குள் அனுப்பினால் போதும், எக்ஸ்ரே எடுக்கும் அம்மாவே தேர்ந்தெடுப்பார். லிஃப்ட்காரர் ஒரு ரோபோவை வரைய இறங்கினார்.

ரோபோவின் இடது கையில் கருவிப் பெட்டி. வலது கையில்தான் குழப்பம். டாட்டா காட்டுவதா, உள்ளங்கையை விரித்து நீட்டுவதா? இரண்டையும் தனித்தனி லேயரில் வரைந்தார். லேயர் என்பது ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கிய கண்ணாடித் தாள் மாதிரி. வேண்டியதைக் காட்டலாம், வேண்டாததை மறைக்கலாம். ஞாயிறு மாலை இரண்டையும் சேர்த்துக் காட்டி ஒப்பிட்டுப் பார்த்தார். டாட்டா கைதான் என்று முடிவு செய்தார். படத்தை எக்ஸ்ரே அம்மாவுக்கும், கருத்துக் கேட்டுக் குடும்ப வாட்ஸ்அப் குழுவுக்கும் அனுப்பினார். பிறகு மற்ற கையை மறைத்தார். இந்த வரிசையில்தான் செய்தார்.

கருத்துகள் வந்தன.

"மாமா, கண்ணு முறைக்குது. ஹெல்மெட் போடாதவனைப் பிடிக்க நிக்கிற மாதிரி இருக்கு" என்றான் டிரைவிங் ஸ்கூல் நடத்தும் மச்சினன்.

"கால் ஏன்டா இவ்வளவு ஒல்லி? சாப்பிடுதா இல்லையா?" இது அக்கா.

"நீலம் வேணாம்ப்பா, பச்சை போடுங்க" என்றாள் மகள். ஒன்றுவிட்ட சித்தப்பா கட்டைவிரலை உயர்த்தினார். இரங்கல் செய்திக்கும் அவர் அதைத்தான் உயர்த்துவார்.

லிஃப்ட்காரர் கண்ணைத் தணித்தார், காலைத் தேற்றினார், பச்சை அடித்தார். பதினோரு பேரில் ஒருவர்கூடக் கையைப் பற்றிப் பேசவில்லை. கை கச்சிதமாக அமைந்துவிட்டது என்று நிம்மதியாகத் தூங்கினார்.

திங்கள் காலை எக்ஸ்ரே அம்மா லிஃப்ட் வாசலில் பிடித்தார்.

"அண்ணே, உங்க ரோபோவையே எடுத்துக்கறேன். அந்த மூணாவது கைக்காகத்தான்."

"எத்தனாவது?"

அவர் போனை நீட்டினார். லிஃப்ட்காரர் எண்ணினார். மூன்றுதான்.

"மேடம், இது தப்பா வந்துடுச்சு."

"இருந்துட்டுப் போகட்டும். ஒரு கை பெட்டி தூக்குது, ஒரு கை டாட்டா காட்டுது. இந்தக் கை பாருங்க, விரிச்சது விரிச்சபடி ஆடாம அசையாம இருக்கு. நாள் பூரா நான் பிள்ளைங்ககிட்ட கெஞ்சுறது இதுக்குத்தான். இனிமே கதவைக் காட்டிட்டு உள்ள கூட்டிட்டுப் போவேன். வியாழக்கிழமைக்குள்ள முடிச்சுக் குடுங்க. இல்லன்னா ஸ்டோர்காரர் வரைஞ்ச முயலைத்தான் ஒட்டணும்."

அந்த முயலை லிஃப்ட்காரரும் பார்த்திருந்தார். அதற்குக் கழுத்து கிடையாது.

மூன்று கை இருப்பதை ஏன் சொல்லவில்லை என்று குழுவில் கேட்டார்.

"ரோபோவுக்கு எத்தனை கைன்னு எனக்கென்ன மாமா தெரியும்? அது உங்க டிபார்ட்மென்ட்."

"நான் பார்த்தேன்டா. சொன்னா மூஞ்சியத் தூக்கி வச்சுக்குவேன்னு விட்டுட்டேன்."

"காலை மட்டும் சொன்னியேக்கா?"

"கால் திருத்தக்கூடியது."

சிக்கல் அதற்கப்புறம்தான். ஒரே தோளில் இரண்டு கை. ஒன்று சுழன்றால் மற்றது இடிக்கும். படத்தில்தானே, யார் சுழற்றிப் பார்க்கப் போகிறார்கள் என்று விட அவரால் முடியவில்லை. செவ்வாய் முழுக்க அழித்து அழித்து வரைந்தார். புதன் மாலை, ஸ்டோர்காரரின் முயலே போகட்டும் என்று டேப்லெட்டை மூடப் போனார்.

ரவிக்கைக்குக் காஜா எடுத்துக்கொண்டிருந்த மனைவி எட்டிப் பார்த்தார்.

"என்னங்க இது, ரெண்டு கையையும் ஒரே தோள்ல தொங்க விட்டிருக்கீங்க?"

"வேற எங்க தொங்க விடறது?"

"கையைத் தூக்கினா சட்டை அக்குள்ல பிடிக்கும்ல, அங்க நான் தனியா ஒரு சதுரத் துண்டு வச்சுத் தைப்பேன். இதுக்கும் தோளுக்குக் கீழ தனியா ஒரு தகடு வச்சு, கையை அதுல மாட்டுங்க."

தகடு வைத்தார். நான்கு போல்ட்டு, ஒரு பேரிங். கை தடையின்றிச் சுழன்றது.

"நல்லா இருக்கா?"

"பிரியாது" என்று சொல்லிவிட்டு அவர் காஜாவுக்குத் திரும்பினார். முப்பது வருடத் தையலில் தன் வேலையைப் பற்றியே அவர் இதற்குமேல் சொன்னதில்லை.

ஓவியர்கள் ஓரத்தில் கையெழுத்துப் போடுவார்கள். லிஃப்ட்காரருக்குக் கையெழுத்துப் போட்டுப் பழகிய இடம் ஒன்றுதான்: ஒவ்வொரு லிஃப்ட்டுக்குள்ளும் இருக்கும் சோதனைப் பலகை. ரோபோவின் மார்பில் அப்படி ஒன்றை வரைந்தார். அதிகபட்ச எடை: ஒரு குழந்தை. அதன் கீழே சோதித்த தேதி, கையெழுத்து.

வியாழக்கிழமை கதவில் ஒட்டினார்கள். வெள்ளிக்கிழமை, வேலை எதுவும் இல்லாத இரண்டாம் மாடிக்கு லிஃப்ட்காரர் ஸ்பேனரோடு போனார். ஆஸ்பத்திரியின் பாதுகாப்பு அதிகாரி எக்ஸ்ரே அறைக் கதவுமுன் நின்று பார்த்துக்கொண்டிருந்தார். நான்கு நிமிடம் பார்த்தார். லிஃப்ட்காரர் கடிகாரத்தைப் பார்த்தபடி இருந்ததால் இது துல்லியமான கணக்கு.

"இது நீங்க வரைஞ்சதா?"

"ஆமா சார்."

"சோதனைத் தேதி போட்டிருக்கீங்க. ஒரு வருஷத்துல காலாவதி ஆயிடும். மறுபடி சோதிச்சுக் கையெழுத்துப் போடணும்."

"போட்டுடறேன் சார்."

கீழே போய்ப் பராமரிப்புப் பதிவேட்டைத் திறந்தார். நான்கு லிஃப்ட்டுகளின் அன்றைய நிலவரத்துக்குக் கீழே ஐந்தாவதாக ஒரு வரி எழுதினார்: ரோபோ, இரண்டாம் மாடி. கோளாறு எதுவும் இல்லை.