வெள்ளிக்கிழமைதோறும் வளர்ந்த வயிறு

என் தம்பி பொண்டாட்டி எதையும் அன்றன்றைக்கு எழுதுகிறவள் இல்லை. "இன்று காலை ஜன்னலோரம் உட்கார்ந்து தேநீர் குடித்தேன், வெயில் என் மடியில் வந்து படுத்துக்கொண்டது" என்று அவள் வலைப்பூவில் வந்தால், அது போன மாதமே ஆறிப்போன தேநீர் என்று தெரிந்துகொள்ளுங்கள். எனக்கு எப்படித் தெரியும் என்றால், அந்தப் படத்தை எடுத்ததே நான்தான். செருப்புக் கடையில் கல்லாவில் உட்காருகிறவள் நான். ஞாயிற்றுக்கிழமை ஒரு நாள்தான் லீவு. அவர்களுக்குக் கீழ் மாடியில் குடியிருக்கிற பாவத்துக்கு, அந்த ஒரு நாளும் என் கையில் போனைக் கொடுத்து நிற்க வைத்துவிடுவாள்.

அவளையும் குறை சொல்ல முடியாது. வீடு இரண்டே அறை. வெயில் வருவது ஒரே ஒரு ஜன்னலில், அதுவும் காலையில் கொஞ்ச நேரம். அந்த நேரத்தில் உடை மாற்றி, கோப்பை மாற்றி, பூந்தொட்டியை இடம் மாற்றி, ஒரு மாதத்துக்கு வேண்டிய படங்களை எடுத்துக்கொள்வாள். அப்புறம் சாவகாசமாக எழுதித் தேதி போட்டு வைத்துவிடுவாள். அது தானாகவே வெள்ளிக்கிழமை காலையில் ஒவ்வொன்றாக வெளியே வரும். முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைக்க முடியாது என்பார்கள். இவள் ஒரு மூட்டை அழுக்குத் துணியை ஒரு பூந்தொட்டிக்குப் பின்னால் மறைப்பாள்.

"இன்னைக்குக் காலையிலன்னு போட்டிருக்கியேடி, இன்னைக்கு மழை கொட்டுது" என்று ஒரு தடவை கேட்டேன்.

"என்னைக்காவது ஒரு காலையில நடந்ததுதானே அண்ணி? நடக்காததையா சொல்லிட்டேன்?" என்றாள்.

வாய்க்கு மட்டும் குறைச்சலே இல்லை. ஆனால் எனக்கு அவளைப் பிடிக்கும். ஒரே மகள் குட்டிக்கு அடிக்கடி மூச்சிரைப்பு வருகிறது என்று நல்ல வேலையை விட்டுவிட்டு வீட்டோடு உட்கார்ந்தவள். என் தம்பி லிஃப்ட் மெக்கானிக். காலையில் கருவிப் பெட்டியோடு போனால், எந்தக் கட்டடத்தில் எந்த மாடியில் தொங்கிக்கொண்டிருக்கிறான் என்றே தெரியாது. அவளுக்கென்று இருந்தது அந்த ஜன்னலும் வலைப்பூவில் அதைப் பார்க்க வருகிறவர்களும்தான். அவளை 'ஜன்னலக்கா' என்று கூப்பிடுவார்கள். முகம் தெரியாத யாரோ தலைவலிக்குக்கூட அவளிடம் யோசனை கேட்பார்கள்.

ரொம்ப வருஷம் கழித்து அவள் மறுபடி உண்டானாள். தம்பி என்னிடம் அதை மாடிப்படியில் வைத்து, கருவிப் பெட்டியைப் பார்த்துக்கொண்டே சொன்னான். "அவ மாசமா இருக்கா அக்கா." நாற்பதைத் தொடப்போகிறவன் முகத்தில் அப்படி ஒரு வெட்கம். வலைப்பூவில் "மூவர் நால்வராகிறோம்" என்று வந்ததும் வாழ்த்துகள் குவிந்தன. இரவும் பகலும் வாந்தி எடுத்துக்கொண்டே ஒவ்வொன்றுக்கும் பதில் எழுதினாள்.

அப்போதுதான் எதிர்க் கட்டடம் எழும்பியது. மாடிக்கு மேல் மாடி. இன்னும் ஒரு தளம் வந்தால் ஜன்னலுக்கு வெயில் கிடையாது. அவளுக்குப் பதறிவிட்டது.

"அண்ணி, வயிறு பெருசாகுறப்ப வெயிலே இருக்காது. நானும் சோர்ந்து படுத்துடுவேன். எல்லாப் படத்தையும் இப்பவே எடுத்துடலாம்."

"எப்படி எடுப்ப? வயித்தை வாடகைக்கா வாங்க முடியும்?"

சோபாவிலிருந்த மஞ்சள் திண்டை எடுத்துக் காட்டினாள்.

அந்த ஞாயிற்றுக்கிழமை நாங்கள் சிரித்த சிரிப்புக்கு அளவே இல்லை. சின்னத் துண்டைச் சுருட்டிக் கட்டினால் ஐந்தாம் மாதம். மஞ்சள் திண்டை வைத்துச் சால்வையால் இறுக்கினால் ஏழாம் மாதம். திண்டோடு தலையணையும் சேர்ந்தால் ஒன்பது. ஏழு வயதுக் குட்டிக்கு ஒரே குஷி. திண்டைப் பிடித்துக்கொள்வதும், அம்மாவின் சட்டைக்குள் தள்ளுவதும், அதில் காதை வைத்து "பாப்பா, நான்தான் அக்கா" என்று கத்துவதும் அவள் வேலை. அந்தச் சின்ன அறையில் மூன்று பேரும் இடித்துக்கொண்டு விழுந்து சிரித்தோம். கடைசிப் படம் முடிந்ததும் திண்டை உருவி எறிந்துவிட்டு அவள் இடுப்பைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்தாள்.

"பத்து மாசத்தையும் ஒரே நாள்ல சுமந்துட்டேன் அண்ணி!"

ஐந்தாம் மாதத்தில் ஒரு நாள், ஸ்கேன் எடுத்த பெண் பேசிக்கொண்டே இருந்தவள் பேச்சை நிறுத்தினாள். திரையைத் தன் பக்கம் திருப்பிக்கொண்டாள். டாக்டரைக் கூப்பிட்டு வருகிறேன் என்று எழுந்து போனாள். நான் பக்கத்தில்தான் நின்றிருந்தேன். இவள் என் கையைப் பிடிக்கவில்லை, அழவில்லை, கூரையையே பார்த்துக்கொண்டிருந்தாள். மறுநாள் பிள்ளை பிறந்தது, அழாமல். பையன். தம்பி ஒரு துணியில் வாங்கிப் பார்த்தான். எத்தனையோ பேரை நடு மாடியில் மாட்டிய லிஃப்டிலிருந்து இறக்கியவன், ஆஸ்பத்திரி நடையில் சுவரைப் பிடித்தபடி உட்கார்ந்துவிட்டான்.

வீட்டுக்கு வந்து படுத்தாள். வெள்ளிக்கிழமை காலை என் போன் மணியடித்தது. அவள் வலைப்பூவில் புதிதாக ஏதாவது வந்தால் அடிக்கும் மணி. சால்வைக்குள் துண்டுச் சுருள். "இன்று உதைத்துவிட்டது! ஐந்தாம் மாதம் என்றால் இப்படித்தான் போல."

இரண்டிரண்டு படியாகத் தாவி ஏறினேன். அவள் கட்டிலில் சாய்ந்து போனைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

"ஐயோ, இதை நிறுத்த மறந்துட்டோமே. குடுடி, எப்படி நிறுத்துறதுன்னு சொல்லு."

"மறக்கல அண்ணி."

"என்ன?"

"நிறுத்த வேணாம். அங்கயாவது வளரட்டும்."

எனக்கு வந்தது கோபம்தான். துக்கம் வந்தால் எனக்குக் கோபமாகத்தான் வரும், அப்படியே வளர்ந்துவிட்டேன். "பைத்தியமா உனக்கு?" என்று கத்தினேன். அவள் போனைத் தலையணைக்கு அடியில் வைத்துக்கொண்டு சுவர்ப்பக்கம் திரும்பிப் படுத்தாள்.

அதற்கப்புறம் ஒவ்வொரு வெள்ளியும் வந்தது. ஒவ்வொரு வெள்ளியும் வயிறு வளர்ந்தது. சாப்பாட்டைத் தொடமாட்டாள், குளிக்கமாட்டாள், குட்டிக்குத் தலை பின்னமாட்டாள். ஆனால் "நன்றி, நல்லா இருக்கோம், ரொம்ப உதைக்கிறான்" என்று ஒருவர் விடாமல் பதில் போடுவாள். அந்த நேரத்தில் மட்டும் முகத்தில் கொஞ்சம் உயிர் இருக்கும். குட்டி பக்கத்தில் உட்கார்ந்து அந்தப் படங்களையே பார்த்துக்கொண்டிருப்பாள். பாப்பா வரவில்லை என்று அப்பா சொல்லியிருந்தார். அம்மாவின் போனிலோ பாப்பா வாராவாரம் பெரிதாகிக்கொண்டிருந்தது. பிள்ளை எதை நம்பும்? அதைக் கேட்க எங்கள் யாருக்கும் தோன்றவில்லை.

தம்பி ஒரு நாள் போனைப் பிடுங்கி வைத்தான். அவள் இரண்டு நாள் தண்ணீர்கூடக் குடிக்கவில்லை. திருப்பிக் கொடுத்துவிட்டான்.

"நாமளே உண்மையை எழுதிடலாம்டா" என்றேன்.

"எங்கக்கா எழுதறது? அவளுக்கு மட்டும்தான் அதைத் திறக்கத் தெரியும். எழுதினாலும் நாலு பேர் என்னன்னு கேட்பாங்க. உலை வாயை மூடலாம், ஊர் வாயை மூட முடியுமா? அந்தக் கேள்வியெல்லாம் இவ தாங்குவாளா?" படியிலேயே உட்கார்ந்தான். "லிஃப்ட் மாட்டிக்கிட்டா உள்ள இருக்கிறவங்க கதவைத் தட்டுவாங்கக்கா. சத்தம் போடுவாங்க. இவ தட்டவே மாட்டேங்கிறா. நான் எங்கேருந்து திறக்கிறது?"

இதில் இன்னொரு கொடுமையும் சேர்ந்தது. இவளுடன் ஒரே சமயத்தில் உண்டான வாசகி ஒருத்தி இருந்தாள். முதல் பிள்ளை. ஒவ்வொரு வெள்ளியும் இவள் படத்தோடு தன் வயிற்றை ஒப்பிட்டு எழுதுவாள். மஞ்சள் திண்டுப் படம் வந்த அன்று, "அக்கா, உங்க வயிறு எவ்வளவு பெருசா இருக்கு! எனக்குப் பாதிகூட இல்ல. என் பாப்பா சரியா வளரலையோ? ராத்திரியெல்லாம் தூக்கமே இல்ல" என்று எழுதியிருந்தாள்.

நான் அதை இவள் மூஞ்சிக்கு நேராகப் பிடித்தேன். "பாரு. யாரோ பெத்த பொண்ணு சோபாத் திண்டைப் பார்த்துட்டு அழுதுட்டிருக்கா. இது உனக்கே நல்லா இருக்கா?"

வாங்கிப் படித்தாள். "ஒவ்வொருத்தர் வயிறு ஒவ்வொரு மாதிரிம்மா. பயப்படாதே. டாக்டரைப் பாரு" என்று பதில் எழுதினாள். எழுதிவிட்டு, "நான் பொய் சொல்லலையே அண்ணி. டாக்டரைப் பாக்கத்தானே சொன்னேன்" என்றாள். அன்றைக்கு எனக்குக் கத்தக்கூடத் தெம்பில்லை. இவளை இழந்துவிட்டோம் என்றே நினைத்தேன். பிள்ளையோடு இவளும் போய்விட்டாள், இங்கே உட்கார்ந்திருப்பது வேறு யாரோ என்று பயமாக இருந்தது.

அடுத்த வாரம் கடைக்கு போன் வந்தது. குட்டியின் டீச்சர். அப்பாவைப் பிடிக்க முடியவில்லை, உடனே வரமுடியுமா என்றார். போனால், குட்டி வகுப்புக்கு வெளியே பெஞ்சில் மழைக்கோட்டோடு உட்கார்ந்திருந்தாள். வெளியே மழையும் இல்லை, மண்ணும் இல்லை. வியர்த்து ஊற்றியது. மூச்சு வேறு இழுத்தது.

"மூணு நாளா கோட்டைக் கழட்ட மாட்டேங்கிறா. ஒரு பொண்ணு விளையாட்டா கட்டிப்பிடிச்சிருக்கா, அவளைக் கடிச்சு வச்சுட்டா" என்றார் டீச்சர்.

வீடு வரைக்கும் வயிற்றை இரண்டு கையாலும் தாங்கிக்கொண்டு நடந்தாள். அவசரப்படுத்தினால், "மெதுவா அத்தை" என்றாள். மூன்றாவது மாடி ஏறி உள்ளே போனோம். அவள் அம்மா வழக்கம்போல ஜன்னலோரம் போனும் கையுமாக இருந்தாள். நான் மருந்துக் குழலை எடுத்து வந்து, மூச்சு சமமானதும் கோட்டின் பட்டன்களைக் கழற்றினேன். இந்த முறை தடுக்கவில்லை. உள்ளே சட்டைக்கு அடியில் மஞ்சள் திண்டு. அம்மாவின் சால்வையால் சுற்றி, நெஞ்சே தெறிக்கிற மாதிரி முடிச்சுப் போட்டிருந்தாள்.

"என்னடி இது?" என்று முடிச்சில் கை வைத்தேன்.

"எடுக்காதே!" என்று வீறிட்டாள். அந்தச் சத்தத்தில் அவள் அம்மா நிமிர்ந்தாள்.

"எடுக்காதே அத்தை. அம்மா அன்னைக்கு உருவி எறிஞ்சுட்டாங்க, அதான் பாப்பா செத்துப்போச்சு. நான் எடுக்கவே மாட்டேன். தூங்குறப்பகூட எடுக்கல." அப்புறம் அம்மாவைப் பார்த்து, சமாதானம் சொல்கிற மாதிரி, "நான் பத்திரமா வச்சிருக்கேன்மா. போன்ல நல்லா வளருதுல்ல?" என்றாள்.

போன் எங்கே விழுந்தது என்று தெரியவில்லை. அவள் தரையில் தவழ்ந்தே வந்தாள். பிள்ளையை அணைக்கப் போய், திண்டு நசுங்கிவிடுமோ என்று பிள்ளை பின்வாங்கியதும், அப்படியே கையை நீட்டியபடி நின்றுபோனாள்.

"நான் எறிஞ்சதாலே இல்லடா."

"பின்ன?"

"அது வெறும் திண்டுடா கண்ணு. பாப்பா அதுல இல்ல. பாப்பா அம்மா வயித்துல இருந்தான். அங்கயே..." வாய் கோணியது. ஆஸ்பத்திரியில் சொல்லாததை, தன் புருஷனிடம் சொல்லாததை, அந்தப் பிள்ளையிடம் சொன்னாள். "அங்கயே செத்துட்டான்."

"எடுத்தா உனக்கு வலிக்குமா?"

"வலிக்கும்."

"அப்ப வேணாம்."

"வலிச்சாலும் எடுத்துடலாம். உனக்கு மூச்சு முட்டுதுடா."

முடிச்சு இறுகிப்போயிருந்தது. நகத்தால் நோண்டி, பல்லால் கடித்து அவிழ்த்தாள். சால்வை தளர்ந்ததும் பிள்ளையின் வயிற்றில் சிவப்பாகத் தடம் பதிந்திருந்தது. அதில் முகத்தை வைத்து அவள் அழுதாள். அத்தனை வெள்ளிக்கிழமையும் சேர்த்து அழுதாள். சத்தம் கேட்டுக் கீழேயிருந்து யாரோ கதவைத் தட்டினார்கள். நான் திறக்கவில்லை. எனக்கும் அழத்தான் நேரம் இருந்தது.

அடுத்த வெள்ளி காலை, கடைக்குக் கிளம்பிக்கொண்டிருந்தபோது என் போன் மணியடித்தது. அடுத்த வயிற்றுப் படம் வரவேண்டிய நாள் அது.

வந்த படத்தில் ஜன்னல் இருந்தது. வெயில் இல்லை, எதிர்க் கட்டடத்தின் சிமென்ட் சுவர் முழுசாக மறைத்திருந்தது. ஓரத்தில் அழுக்குத் துணி மூட்டை. பூந்தொட்டியைக் காணோம். ஜன்னல் திட்டில் மஞ்சள் திண்டு, நடுவில் இன்னும் சால்வை அழுத்திய பள்ளத்தோடு. கீழே எழுதியிருந்தாள்:

"என் பையன் ஐந்தாம் மாதமே இறந்துவிட்டான். அதற்கப்புறம் நீங்கள் பார்த்த வயிறு இதுதான். என்னோடு ஒப்பிட்டுத் தூக்கம் கெட்ட தங்கைக்கு: உன் வயிறுதான் நிஜம். இந்தப் படம் இன்று எடுத்தது."

செருப்பைக் கழற்றிப் போட்டுவிட்டு மேலே ஏறினேன்.