ஞாயிற்றுக்கிழமை ஊர்கள்

மகளின் மூச்சை வைத்துத்தான் நாங்கள் ஊர் தேடினோம். கேட்பவர்களுக்குச் சிரிப்பு வரலாம். வீடு மாற்றுகிறவர்கள் வாடகை, தண்ணீர், பஸ், பள்ளிக்கூடம் என்று பார்ப்பார்கள். நாங்களும் அதையெல்லாம் பார்த்தோம். ஆனால் எல்லாவற்றுக்கும் முன்னால் ஒரே ஒரு கேள்வி நின்றது. அந்த ஊரில் அவளால் இழுப்பு இல்லாமல் மூச்சுவிட முடியுமா?

அவளுக்கு அப்போது பன்னிரண்டு வயது. ஓசூரில் சிப்காட் தொழிற்பேட்டையை ஒட்டி ஒரு மாடி வீட்டில் குடியிருந்தோம். வீட்டுக்குப் பின்னால் இரும்புச் சாமானுக்குப் பவுடர் கோட்டிங் செய்கிற ஷெட், முன்னால் லாரிகள் திரும்புகிற மண்ரோடு. காலையில் துடைத்த ஜன்னல் திட்டில் மத்தியானம் விரலால் பெயர் எழுதலாம். வீசிங் வந்து இன்ஹேலருக்கும் அடங்காவிட்டால் அவளைத் தூக்கிக்கொண்டு ஆஸ்பத்திரிக்கு ஓடுவோம், நெபுலைசர் வைத்துக் கூட்டிவருவோம். தை மாதத்தில் மட்டும் மூன்று முறை ஓடினோம். மூன்றாவது முறை டாக்டருக்கே அலுத்துவிட்டது.

“தூசி இல்லாத ஊராப் பாத்துப் போயிடுங்கம்மா. எத்தன தடவ இங்கயே ஓடி வருவீங்க?” என்றார்.

தூசி இல்லாத ஊர் என்ன, மெடிக்கலில் கேட்டால் எடுத்துத் தருகிற சாமானா? என் வீட்டுக்காரருக்கு வாகன உதிரிபாகக் கம்பெனியில் ஷிப்ட் வேலை. எனக்கு எலக்ட்ரானிக்ஸ் கம்பெனியில் செக்கிங். லைனில் வருகிற சர்க்யூட் போர்டை ஓடவிட்டுப் பார்த்து, சரியாக இருந்தால் ஓகே முத்திரை குத்தி அனுப்ப வேண்டும். பத்து வருடமாக அதுதான் என் பிழைப்பு. இரண்டு கம்பெனி வண்டியும் எட்டுகிற தூரத்தில், எங்களால் கொடுக்க முடிகிற வாடகையில், தூசி இல்லாமல் ஒரு ஊர் வேண்டும். பெங்களூரில் கட்டுப்படியாகாமல் இந்தப் பக்கம் வந்து குவிகிறவர்களால் ஓசூருக்குள் வாடகை ஏறிக்கொண்டே போனது. ஆகவே ஓசூருக்கு வெளியே தேடினோம்.

போதாக்குறைக்கு நான் இன்னொரு டாக்டரிடமும் காட்டினேன். சும்மா இருந்திருக்கலாம். அவர், “தூசி இல்லம்மா, குளிருதான் இவளுக்கு ஆகல. கிருஷ்ணகிரி மாதிரி வெயில் அடிக்கிற ஊருக்குப் போங்க” என்றார். ஓசூர்க்காரர்கள் எதற்குப் பெருமைப்பட்டாலும் படாவிட்டாலும் இந்த ஊர்க் குளிருக்குப் பெருமைப்படுவார்கள். அதுதான் என் பிள்ளைக்கு எதிரி என்கிறார் இவர். தூசியா, குளிரா? வீட்டுக்காரர் முதல் டாக்டர் பக்கம், நான் இரண்டாம் டாக்டர் பக்கம். சாப்பிட உட்கார்ந்தால் இதே பேச்சு. பேச்சு எப்போது சண்டையானது என்று எங்களுக்கே தெரியாது. மகள் தட்டைப் பார்த்தபடி சாப்பிட்டு எழுந்துவிடுவாள்.

கடைசியில் வீட்டுக்காரர்தான் ஒரு வழி சொன்னார்.

“டாக்டருங்க சொல்றத விடு. பாப்பாவ ஒவ்வொரு ஊருக்கும் கூட்டிட்டுப் போவோம். காலைல இருந்து சாயங்காலம் வரைக்கும் அங்கயே இருந்து பாப்போம். இழுப்பு வரலன்னா அது நம்ம ஊரு.”

எனக்கும் அது நியாயமாகப் பட்டது. இரண்டு பேருக்கும் சேர்ந்தாற்போல ஞாயிற்றுக்கிழமைதான் லீவு. ஞாயிறுதோறும் பைக்கில் மூன்று பேரும் கிளம்பினோம். நடுவில் அவள், பின்னால் புளிசாதக் கூடையோடு நான்.

முதலில் பாகலூர். வீட்டை வாடகைக்கு விடுகிற அம்மா தெலுங்குக்காரர், என்னிடம் தமிழ், பாலுக்காரரிடம் கன்னடம், மருமகளிடம் தெலுங்கு என்று ஒரே மூச்சில் மூன்றும் பேசினார். “ஏமம்மா, பிள்ளைகி தம்மு கஷ்டமா? எங்க ஊருகி வந்தா அதெல்லாம் ஓடிப்போயிடும்” என்றார். வீட்டை ஒட்டி ரோஜாத் தோட்டத்துப் பிளாஸ்டிக் கொட்டகைகள். முந்தின நாள் அடித்த மருந்தின் வாடை அப்படியே இருந்தது. எனக்கே தொண்டை கமறியது. மகள் ஜம்மென்று உட்கார்ந்திருந்தாள்.

“எப்படி இருக்கு பாப்பா?”

“நல்லா இருக்கும்மா.”

அடுத்த வாரம் சானமாவு பக்கம். காட்டுக் காற்று என்று ஆசையாகப் போனோம். குளிர் எலும்பைக் குடைந்தது. யானை நடமாட்டம் உண்டென்றும், இருட்டுவதற்குள் வீட்டுக்கு வந்துவிட வேண்டும் என்றும் அந்த ஊர்க்காரர் ஒருவர் சாதாரணமாகச் சொன்னார். இரண்டாவது ஷிப்ட் முடிந்து வருகிற மனிதர் யானையிடம் அடையாள அட்டையைக் காட்டுவாரா என்று நான் கேட்டேன். வீட்டுக்காரர் முறைத்தார். மகளுக்கு அங்கேயும் இழுப்பு இல்லை. அதற்கடுத்த வாரம் கிருஷ்ணகிரி. வெயிலில் மண்டை காய்ந்தது. அங்கேயும் இல்லை.

“நல்லா இருக்கும்மா.”

ஏதாவது ஓர் ஊரில் அவளுக்கு முடியாமல் போயிருந்தால் எங்களுக்குத் தெளிவு வந்திருக்கும். குளிரிலும் நன்றாக இருக்கிறாள், வெயிலிலும் நன்றாக இருக்கிறாள், மருந்து வாடையிலும் நன்றாக இருக்கிறாள். திங்கட்கிழமை வீட்டில் மறுபடி இழுக்கிறது. அப்படியென்றால் எங்கள் வீடு ஒன்றுதான் கெட்டதா, உலகம் முழுக்க நல்லதா? இரண்டு டாக்டரும் தப்பா? எனக்கு ஒன்றுமே பிடிபடவில்லை. லைனில் நூறு போர்டும் ஓகே என்று வந்தால் சூப்பர்வைசர் முதலில் செக்கிங் மெஷினைத்தான் சந்தேகப்படுவார். எனக்கு அது தோன்றியிருக்க வேண்டும். தோன்றவில்லை.

எல்லா ஊரும் தேறிவிட்டதால் வாடகையைப் பார்த்து ஓர் ஊரை எடுத்தோம். பேரிகை தாண்டி உள்ளே தள்ளி ஒரு சின்ன ஊர். சுற்றிலும் தக்காளியும் கொத்தமல்லியும். இரண்டு அறை, சொந்தமாக போர் தண்ணீர், வாசலில் வேப்பமரம். ஓசூரில் ஒரு அறைக்குக் கொடுத்ததைவிட வாடகை குறைவு. போய்வர எங்கள் இருவருக்கும் இடுப்பு கழன்றுவிடும். கழன்றால் கழலட்டும் என்று முன்பணம் கொடுத்துவிட்டு வந்தோம். ஜூனில் பள்ளிக்கூடம் திறப்பதற்குள் சாமான் ஏற்ற வேண்டும் என்று வீட்டுக்காரர் அட்டைப் பெட்டிகூடச் சேர்க்க ஆரம்பித்துவிட்டார்.

கம்பெனி கேன்டீனில் இந்தச் செய்தியைப் பெருமையாகச் சொன்னேன். என் பக்கத்து டேபிளில் வேலை பார்க்கிற பெண்ணுக்கு அந்தப் பக்கம்தான் பிறந்த ஊர். சோற்றைப் பிசைந்துகொண்டே கேட்டாள்.

“எப்பக்கா போய்ப் பாத்தீங்க?”

“போன ஞாயித்துக்கெழம.”

“ஞாயித்துக்கெழம கிரஷருக்கு லீவாச்சே. மத்த நாள்ல போய்ப் பாருங்கக்கா. வாசல்ல காயப்போட்ட துணி சாயங்காலம் வெள்ளையாயிரும்.”

தட்டைத் தள்ளிவைத்தேன். ஊருக்குப் பின்னால் குன்று ஒன்று பாதி வெட்டிக் கிடந்ததைப் பார்த்திருந்தேன். அழகாகக்கூட இருந்தது. அது ஜல்லி கிரஷருக்காக வெட்டுகிற குன்று என்று புத்தியில் உறைக்கவே இல்லை. ஓடாத மெஷினைப் பார்த்து ஓகே குத்திவிட்டு வந்திருக்கிறேன். பத்து வருட அனுபவம் வேறு. பாகலூரில் மருந்தடிக்கிறவர்களுக்கு ஞாயிறு லீவு, கிருஷ்ணகிரியில் நாங்கள் பார்த்த வீட்டுக்கு எதிரே கிரானைட் பட்டறைக்கு லீவு, ரோட்டில் லாரிக்கு லீவு. நாங்கள் பார்த்தவை எல்லாம் ஞாயிற்றுக்கிழமை ஊர்கள். என் மேலேயே எனக்கு அப்படி ஓர் எரிச்சல் வந்தது. சாயங்காலம் அதை வீட்டுக்காரர் மேல் காட்டினேன்.

அவருக்கு லீவு கிடைக்கவில்லை. செவ்வாய்க்கிழமை நான் லீவு போட்டு, முழுப் பரீட்சை லீவில் இருந்த மகளைக் கூட்டிக்கொண்டு டவுன் பஸ் ஏறினேன். பேரிகையில் இறங்கி அந்த ஊருக்கு ஷேர் ஆட்டோ பிடிக்க வேண்டும். ஆட்டோ நிரம்பவில்லை. மகள், “அம்மா, இதோ வரேன்” என்று பக்கத்தில் பூட்டியிருந்த கடையின் மறைவுக்குப் போனாள். வயிறு சரியில்லையோ என்று பின்னாலேயே போனேன்.

சுவரைப் பார்த்து நின்றபடி இன்ஹேலரை வாயில் வைத்து அழுத்திக்கொண்டிருந்தாள். மூச்சை உள்ளே பிடித்து, விரல்விட்டு எண்ணி, மறுபடி ஒருமுறை அழுத்தினாள். அவளுக்கு அப்போது இழுப்பு ஒன்றும் இல்லை. பஸ்ஸில் நன்றாகப் பேசிக்கொண்டுதான் வந்தாள். திணறினால் மட்டும் எடுக்கச் சொல்லி டாக்டர் கொடுத்த மருந்து அது.

“என்னடி பண்ற?”

அவள் பதறிப்போய் அதைப் பையில் போட்டாள். முதலில் ஒன்றுமில்லை என்றாள். நான் கத்தியதில் ஆட்டோக்காரர் திரும்பிப் பார்த்தார். அப்புறம் மெதுவாகச் சொன்னாள்.

“ஊரு பாக்கப் போறப்பல்லாம் போட்டுக்குவேன்.”

“எல்லா ஊருக்குமா?”

“ம்.”

“ஏன்டி?”

“எனக்கு இழுத்துச்சுன்னா அந்த ஊரு வேணாம்பீங்க. அப்பறம் வேற ஊரு. அப்பறம் நீயும் அப்பாவும் சண்ட போடுவீங்க. எல்லாம் என்னாலதான. எந்த ஊரா இருந்தாலும் சரி, முடிஞ்சாப் போதும்னு...”

மருந்து ஏன் இவ்வளவு சீக்கிரம் தீர்கிறது என்று இரண்டு மாதமாக அந்தப் பவுடர் கோட்டிங் ஷெட்டைத் திட்டிக்கொண்டிருந்தேன். இவள் எங்கள் இருவருக்கும் பயந்து தீர்த்திருக்கிறாள். நாங்கள் ஊரைச் சோதிப்பதாக நினைத்துக்கொண்டிருந்தோம். பிள்ளை அதைத் தனக்கு வைத்த பரீட்சையாக எடுத்துக்கொண்டு, ஒவ்வொரு வாரமும் பாஸாகிக் காட்டியிருக்கிறாள். அடிக்க வேண்டும்போலவும் இருந்தது, காலில் விழ வேண்டும்போலவும் இருந்தது. இரண்டும் செய்யாமல் முந்தானையால் அவள் முகத்தைத் துடைத்தேன். அதில் பாதித் துடைப்பு என் முகத்துக்கு.

“உன்னால சண்ட இல்ல பாப்பா. எங்களுக்கு எதுவும் புரியல. அதான் கத்துறோம்” என்றேன். நம்பினாளா என்று தெரியவில்லை.

திரும்பிப் போய்விடலாமா என்று யோசித்தேன். மருந்து போட்டாகிவிட்டது, இன்றைக்குப் பார்த்து என்ன புண்ணியம் என்றும் தோன்றியது. ஆனால் ஆட்டோ நிரம்பிவிட்டது, ஆட்டோக்காரர் கூப்பிட்டார், ஏறிவிட்டோம்.

ஊருக்குள் நுழைவதற்கு முன்பே சத்தம் கேட்டது. வேப்பமரத்தின் இலைகள் சாம்பல் பூத்துக் கிடந்தன. போன ஞாயிற்றுக்கிழமை பச்சையாக இருந்த மரம்தானா என்று சந்தேகம் வந்தது. அந்த ஞாயிற்றுக்கு முந்தின நாள் மழை பெய்திருந்தது அப்போதுதான் நினைவுக்கு வந்தது. வீட்டுக்காரப் பெரியவர் தோள் துண்டால் கயிற்றுக் கட்டிலைத் தட்டி, “உக்காருங்கம்மா” என்றார். தட்டியதில் ஒரு புகை எழுந்தது. அவருக்கு அது கண்ணிலேயே படவில்லை.

கட்டிலில் உட்கார்ந்தோம். ஜல்லி லாரிகள் ஒன்றன்பின் ஒன்றாகப் போயின. நான் அவளிடம் எதுவும் கேட்கவில்லை. கேட்டால் நல்லா இருக்கும்மா என்று சொல்லிவிடுவாளோ என்று பயமாக இருந்தது. ஒரு மணி நேரம் ஓடியிருக்கும். அவள் நிமிர்ந்து உட்கார்ந்தாள். பிறகு முன்னால் குனிந்தாள். தோள் ஏறி இறங்குவதைப் பார்த்தேன். மருந்தையும் மீறி வந்துவிட்டது. நான் அவள் பைக்குள் கையை விட்டேன்.

அவள் என் கையைப் பிடித்துக்கொண்டாள்.

“அம்மா... முடியல. இங்க வேணாம்.”

மருந்தை நானே அழுத்தினேன். முதுகைத் தடவியபடி பெரியவரிடம், எங்களுக்கு இந்த வீடு சரிப்படாது என்று சொன்னேன். அவர் குழந்தையைப் பார்த்துவிட்டு முன்பணத்தை நாளைக்கே அனுப்பிவிடுவதாகச் சொல்லி, தண்ணீர் கொண்டுவந்து கொடுத்தார். பிள்ளைக்கு மூச்சு திணறுகிறது, கைவசம் இருந்த ஒரே வீடும் போய்விட்டது, பள்ளிக்கூடம் திறக்க மூன்று வாரம்தான் இருக்கிறது. அந்த நேரத்தில் எனக்குச் சந்தோஷமாக இருந்தது. வெட்கத்தைவிட்டுச் சொல்கிறேன், அவள் வேண்டாம் என்று சொன்னதைக் கேட்க அவ்வளவு சந்தோஷமாக இருந்தது.

திரும்பி வரும் பஸ்ஸில் அவளுக்கு மூச்சு சீரானது. ஜன்னலோரம் உட்கார்ந்திருந்தாள்.

“அப்ப எங்கம்மா போறது?”

“தெரியல பாப்பா.”

“அப்பாக்கு?”

“அவருக்கும் தெரியாது.”

“டாக்டருக்கு?”

“ரெண்டு பேருக்குமே தெரியாது.”

பாகலூரில் கூட்டம் ஏறியது. நெருக்கியடித்து உட்கார்ந்தோம்.

“அந்த ரோஜாத் தோட்டத்து வீடு இருக்குல்ல, அதுவும் வேணாம்மா. அன்னிக்கே எனக்குப் புடிக்கல” என்றாள். பிறகு என் தோளில் சாய்ந்துகொண்டு, “அடுத்த செவ்வாக்கெழமையும் லீவு போடு. வேற ஊரு பாக்கலாம்” என்றாள்.